மெர்ஸா, கோவிட் வைரஸா: இன்டர்ஃபெரானை அடக்குவதில் கைதேர்ந்தது எது?

மெர்ஸ், கோவிட் தரும் சார்ஸ்-கோவ்-2 ஆகிய இரண்டு கொரோனா வைரஸ்களுக்கும் முதல் வேலை ஒளிவதுதான். பெருகும்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்என்ஏவை செல்லின் எம்டிஏ5 உணரி கண்டுகொண்டால் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரந்து, பக்கத்துச் செல்களும் உஷாராகிவிடும். அதனால் இரண்டிலுமே என்எஸ்பி15 என்ற வைரஸ் புரதம் ஆர்என்ஏவின் யூ எழுத்து (யுரிடின்) மிகுந்த பகுதிகளை நறுக்குகிறது. என்எஸ்பி16 என்ற இன்னொரு புரதம் வைரஸ் ஆர்என்ஏவின் முனைக்கு நம் எம்ஆர்என்ஏவின் சாயலைத் தருகிறது.

2012இல் கண்டறியப்பட்ட மெர்ஸ் இதோடு விடுவதில்லை. அதன் என்எஸ்4ஏ புரதம் இரட்டை இழையைப் போர்த்தி, செல்லின் புரத உற்பத்தியை நிறுத்தும் பிகேஆர் நொதி விழிக்காமல் பார்த்துக்கொள்கிறது. என்எஸ்4பி புரதத்தின் துல்லியம் உண்மையிலேயே மிரளவைக்கிறது: ஓஏஎஸ் நொதி தயாரிக்கும் 2-5ஏ என்ற சிறு சமிக்ஞை மூலக்கூறை மட்டும் தேடி உடைக்கிறது. 2-5ஏ இல்லையென்றால், ஆர்என்ஏவைத் துண்டாக்கும் ஆர்என்ஏஸ்-எல் இயங்காது.

சார்ஸ்-கோவ்-2விடம் இந்த இரு புரதங்களும் கிடையாது. ஆய்வகச் செல்களில் அது தொற்றும்போது பிகேஆர், ஆர்என்ஏஸ்-எல் இரண்டுமே விழித்துக்கொள்கின்றன. அதன் பலம் வேறு இடத்தில். 180 அமினோ அமிலங்கள் கொண்ட என்எஸ்பி1 புரதம், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் 40எஸ் பாகத்தில் எம்ஆர்என்ஏ நுழையும் வழியைத் தன் வாலால் அடைத்துவிடும். இன்டர்ஃபெரான் மரபணு இயங்கினாலும் புரதம் உருவாவது வெகுவாகக் குறைந்துவிடும். வைரஸின் எம்ஆர்என்ஏ, தன் தொடக்கத்திலுள்ள எஸ்எல்1 என்ற மடிப்பின் தயவில் தப்பிக்கிறது. கூடவே ஓஆர்எஃப்6 என்ற வைரஸ் புரதம், இன்டர்ஃபெரானின் சமிக்ஞையைக் கடத்தும் ஸ்டாட்1 உட்கருவுக்குள் போகாமல் மறிக்கிறது.

ஒளிவதில் மெர்ஸின் கையே ஓங்கியிருக்கிறது. சார்ஸ்-கோவ்-2 இன்டர்ஃபெரானுக்கு ஓரளவு பணியும், ஆனால் நேரம் முக்கியம்: உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி சோதனையில், மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குத் தரப்பட்ட இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ இறப்பைக் குறைக்கவில்லை.