அட்டை சாக்ஸ்: அகத்தியர் மலைக்குச் சரி, பூவார் மணலுக்கு ஆகாது

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து கேரள-தமிழக எல்லையிலுள்ள அகத்தியர்கூடம் என்கிற அகத்தியர் மலை ஏற அனுமதி வாங்கியவர்கள் கடைசி நேரத்தில் தேடி அலையும் பொருள், இரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் கடிக்காமல் தடுக்கும் இந்த சாக்ஸ். முழங்கால் வரை வரும் நெருக்க நெசவுத் துணிப்பை, மேலே ஒரு நாடா, அவ்வளவுதான். பிராண்டு பார்த்துப் பயனில்லை. துணியையும் தையலையும் பாருங்கள்.

வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் ஊசிக்கண் போல ஒளிப்புள்ளிகள் தெரியக்கூடாது. பசியோடு இருக்கும் அட்டையின் முன்முனை நூல் மாதிரி மெலியும். சாதாரண பின்னல் சாக்ஸின் கண்ணிகளுக்குள் அப்படித்தான் நுழைகிறது. பருத்தி கெட்டியாக இருக்கும், ஆனால் ஓடையில் நனைந்தால் காய நாளாகும். நைலான் சீக்கிரம் காயும். வியர்வையில் காலுக்குள் வழுக்கும். ஏறுவதற்குப் பருத்திதான் மேல். வெளிர் நிறமாக எடுங்கள், ஊர்ந்து ஏறுவது கண்ணில் படும். மலிவு ஜோடிகள் சிலவற்றில் தையல் உள்ளங்காலின் நடுவே ஓடும். சில மணி நேர நடையில் அந்தக் கோட்டிலேயே கொப்புளம் வரும். தையல் பக்கவாட்டில் இருக்கிற ஜோடியைக் கேட்டு வாங்குங்கள்.

போடும் வரிசை: உள்ளே மெல்லிய சாக்ஸ், அதன் மேல் பேன்ட் கால், அதையும் மூடி அட்டை சாக்ஸ், கடைசியில் ஷூ. மூன்று அடுக்கு என்பதால் ஷூ அரை சைஸ் பெரிதாக வேண்டும். "சாக்ஸ் காலைக் கடிக்குது" என்ற புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் ஷூவின் மேல் வரவேண்டியவை. நாடாவை முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டவும். வழியில் வரும் முட்டிடிச்சான்தேரியின் (முட்டி இடிக்கும் மேடு) பெயரே ஏற்றம் எப்படி என்று சொல்லிவிடும். இறுக்கிக் கட்டியவர்களுக்கு அங்கே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

துணி அட்டையைத் தடுக்கும், விரட்டாது. அட்டை சாக்ஸின் மேல் விளிம்பு வரை ஏறித் தொடைக்குப் போகும். ஆகவே மருந்து பூச வேண்டிய இடம் அந்த விளிம்புதான். உப்பு பனியிலேயே கரைந்துவிடும். தேங்காயெண்ணெயில் குழைத்த புகையிலைத்தூள் கூடுதல் நேரம் நிற்கும். மீறிக் கடித்தால் பிடித்து இழுக்கவோ, தீயோ உப்போ வைக்கவோ வேண்டாம். அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடலாம். மெலிந்த முனையை நகத்தால் நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். அட்டையின் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் கசிவு நீளும், பயப்பட ஒன்றுமில்லை.

அவசியம் வாங்க வேண்டுமா? ஜனவரியில் சீசன் திறக்கும்போது அட்டை குறைவு. முந்தைய நாள் மழை பெய்திருந்தால் கணக்கே வேறு. 1,868 மீட்டர் உயர உச்சியில் 1850-களிலேயே ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் ஆலன் பிரவுன் ஆய்வகம் அமைத்தார். அவருடைய கருவிகளைச் சுமந்து ஏறியவர்கள் காலில் என்ன கட்டியிருந்தார்களோ! இன்று பையில் ஒரு ஜோடி இருப்பது பாரமில்லை.

இந்த மலைகளில் பிறக்கும் நெய்யாறு, கேரளக் கடற்கரையிலுள்ள பூவார் பொழியில் (முகத்துவாரத்தில்) கடலைச் சேர்கிறது. மலை இறங்கியதும் ஆற்றின் முடிவையும் பார்த்துவிடலாம் என்று போகிறவர்கள் சாக்ஸை அறையிலேயே விடட்டும். உள்ளே போன மணல் நெருக்க நெசவால் வெளியேறாது, குதிகாலை அராவும். உப்புநீர் காய்ந்தால் துணி விறைக்கும். மணலுக்கு ரப்பர் செருப்பு போதும். பொழிமுகத்தில் இழுப்பு உண்டு, இறங்காதீர்கள். தவறிக் கடல்நீர் பட்ட சாக்ஸை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி நிழலில் உலர்த்துங்கள். பிளீச் போட்டால் நூல் நைந்து, அடுத்த சீசனில் வெளிச்சத்துக்குப் பிடிக்கும்போது புள்ளிகள் தெரியும்.