நூறு சிசி விமானத்தை எதில் ஏற்றுவது: இன்னோவாவா, குட்டி யானையா, கூரை மேலா?

பெரிய ஆர்.சி. (ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் மாடல்) விமானம் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், வானத்தில் உடைந்த கதையைவிட வாசற்படியிலும் வண்டிக்குள்ளும் உடைந்த கதைதான் அதிகம் வரும். என்னுடையது 'எக்ஸ்ட்ரா' என்ற சாகச விமானத்தின் மாடல், நிஜ விமானத்தின் 35 சதவீத அளவு. இறக்கை முனையிலிருந்து முனை வரை 2.6 மீட்டர் சொச்சம், பாடி நீளம் கிட்டத்தட்ட 2.5 மீட்டர், நூறு சிசி பெட்ரோல் எஞ்சின், டேங்க் காலியாக இருக்கும்போது 12 கிலோ. ஒரு சிப்பம் அரிசியில் பாதிகூட இல்லை. ஆனால் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடக்கலாம், இதைத் தப்பான இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினாலே நொறுங்கும்.

பறக்கும்போது எடை முழுக்க இறக்கையில் பரவிவிடுகிறது, அதனால்தான் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பால்சா என்ற லேசான மரப் பலகையை வைத்தே இவ்வளவு பெரிதாகக் கட்ட முடிகிறது. கையில் தூக்கும்போது அதே எடை நாலு விரலுக்கு அடியில் வந்து உட்காருகிறது. தைரியமாகப் பிடிக்க மூன்றே இடம்தான்: எஞ்சின் மாட்டியிருக்கும் தடித்த பிளைவுட் சுவர், லேண்டிங் கியர், அதாவது சக்கரக் கால்கள், போல்ட் போட்டிருக்கும் அடிப்பலகை, இரண்டு இறக்கையையும் பாடியோடு கோக்கும் அலுமினியக் குழாய் நுழையும் துளை. மற்ற இடமெல்லாம் முட்டை ஓடுதான்.

முதலில் தூக்குவது. எஞ்சினின் இக்னிஷன் பேட்டரி ஒயரைக் கழற்றாமல் விமானத்தில் கை வைக்காதீர்கள், ஸ்விட்சை அணைத்தது போதாது. 27 அங்குல ப்ரொப்பெல்லர் தோளில் இடித்து அரைச் சுற்று சுற்றினால்கூட சூடான எஞ்சின் ஒரு தடவை வெடித்துவிட்டுப் போகலாம், அந்த ஒரு தடவை போதும்.

ஒரே ஆளாகத் தூக்குகிறேன் என்பவர்கள் இடது கையைக் கியர் பலகைக்கு அடியிலும் வலது கையைப் பாடியின் பின்பகுதிக்கு அடியிலும் கொடுத்துக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்துவார்கள். 12 கிலோவுக்கு இது முடியாத காரியமில்லை. பிரச்சினை நீளம்தான், கதவருகே திரும்பும்போது உங்கள் கண் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும், வால் முனையில் நிற்கும் ரடர் தகடு போய்ச் சுவரில் தேயும். பணியிட உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அமைப்பான நியாஷ், எல்லாம் சரியாக இருந்தால் ஒருவர் தூக்க 23 கிலோ வரை என்று எல்லை வைத்திருக்கிறது. அந்த 'எல்லாம் சரியாக' என்பதில் பொருள் உடம்போடு ஒட்டி இருப்பதும் அடக்கம். இரண்டரை மீட்டர் பாடியை உடம்போடு எப்படி ஒட்டுவது? 40 சதவீத அளவு மாடல்கள் 18, 20 கிலோ போகும், அவற்றைத் தனியாளாகத் தூக்கும் பேச்சே வேண்டாம். (25 கிலோவைத் தாண்டினால் நம் 2021 ட்ரோன் விதிகளின்படி அது 'மாடல்' வகையிலேயே வராது, அது வேறு தலைவலி.)

ஒருவர் மூக்கு, ஒருவர் வால் என்று இருவர் தூக்குவது பரவாயில்லை, ஆனால் வால் பிடிப்பவருக்கு எடையே தெரியாது, தெரியாததால் வேகமாகத் தூக்குவார், மூக்குப் பக்கம் இருப்பவர் முழங்காலில் ப்ரொப்பெல்லரை வாங்குவார்.

எனக்குப் பிடித்தது பல்லக்கு முறை. இறக்கைகளைக் கழற்றிய பிறகு அலுமினியக் குழாயை மட்டும் பாடியின் துளையில் மறுபடி நுழைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று, குழாயின் முனையைப் பிடித்துத் தூக்குவது. எடை மையம் பெரும்பாலும் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் பாடி கிட்டத்தட்ட மட்டமாக நிற்கும், தராசு முள்போல லேசாக ஆடும், மூன்றாவது ஆள் வாலில் இரண்டு விரலை வைத்தால் அதுவும் நின்றுவிடும். எடை தாங்கவென்றே கட்டிய இடத்தில் எடை விழுகிறது. குழாய் ஒரு பக்கமாக நழுவாமல் இரண்டு பக்கமும் இரண்டு சுற்று டேப் மட்டும் ஒட்டிவிடுங்கள்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

குட்டி யானையில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. திறந்த இடம், வாடகையும் கம்மி, காருக்குள் குனிந்து நெளிய வேண்டாம். ஆனால் தொட்டியின் அகலம் ஒன்றரை மீட்டர்தான், அப்புறம் என்ன, எப்படியும் இறக்கையைக் கழற்றியே ஆக வேண்டும். நீளமும் ஏழடி சொச்சம், வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதைவிடப் பெரிய கோளாறு ஸ்பிரிங். முக்கால் டன் ஏற்றவென்று போட்ட பட்டைகளின் மேல் 12 கிலோவை வைத்தால் வண்டி காலியாக ஓடுவதாகவே அர்த்தம், ஒவ்வொரு வேகத்தடையிலும் தொட்டி எகிறும். நான் ஒரு முறைதான் ஏற்றினேன். மெத்தை விரித்து, பாடியை வைத்து, சக்கரத்துக்கு முட்டு கொடுத்துவிட்டு இறக்கையை எடுக்க வீட்டுக்குள் போய் வருவதற்குள், டிரைவர் அண்ணன் நல்ல மனதோடு பாடியின் முதுகுக்கு மேல் கயிற்றைப் போட்டு, பீரோவை இறுக்குவதுபோல இறுக்கிவிட்டார். "ஆடாது சார்" என்று அவர் சொன்னதும், உள்ளே நீளக் குச்சிகள் அப்பளம் உடைவதுபோல 'படக்' என்றதும் ஒரே நேரம். அவரைக் குறை சொல்ல முடியாது, கட்டக்கூடாத இடம் எது என்று சொல்லாமல் உள்ளே போனது நான்.

கூரை கேரியரில் கட்டலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இந்த இறக்கையின் பரப்பு ஏறத்தாழ 1.2 சதுர மீட்டர். லேசாக மேல்நோக்கிய கோணத்தில் கட்டிவிட்டு மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் சுமார் 12 கிலோ தூக்குவிசை வரும், அதாவது விமானத்தின் முழு எடை. கூரையில் பறந்துகொண்டே வரும், கட்டிய பெல்ட்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். லாரி ஒன்று எதிரே கடந்தால் அந்தக் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று யாருக்குத் தெரியும். மூடிய கூரைப் பெட்டி இருந்தால் இறக்கைகளை மட்டும் உறையோடு வைக்கலாம், பாடியை வேண்டாம்.

வெளிநாட்டில் மூடிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறார்கள், உள்ளே முழு விமானமும் நிற்கும். இங்கே அதற்குத் தனிப் பதிவு, ஹூக், நிறுத்த இடம் என்று பார்த்தால் ஒருவருக்குக் கட்டுப்படியாகாது.

ஆக இன்னோவா. பின் சீட்டுகளை மடித்து, முன்பக்கப் பயணி சீட்டை முழுக்கச் சாய்த்தால் 2.5 மீட்டர் பாடி மூலைவாட்டில் போய்விடுகிறது. வாலின் இரு கிடைத் தகடுகளையும் கழற்றிவிட வேண்டும், பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூதான். வாலை முன்னே விட்டு, மூக்கைப் பின்கதவுப் பக்கம் வையுங்கள், மைதானத்தில் கதவைத் திறந்ததும் பலமான பகுதி கைக்கு வரும். இதில் ஒரு வம்பு உண்டு: திடீர் பிரேக் போட்டால் ரடர் டாஷ்போர்டை நோக்கி ஓடும். கியர் கால்களைப் பெல்ட்டால் பின்னோக்கிக் கட்டி, சக்கரத்துக்கு முன்னால் கடினமான ஃபோம் கட்டை வைப்பது அதற்காகத்தான். பாடியின் முதுகில் எதையும் கட்டாதீர்கள், என் படக் சத்தம் ஞாபகமிருக்கட்டும். தாங்கியாக பிவிசி பைப்பில் செய்த ஸ்டாண்டு போதும், ஏசி பைப்புக்குப் போடும் கறுப்பு ஃபோம் உறையை மேலே மாட்டிவிட்டால் கீறாது. இறக்கை உறையைத் தையல்காரரிடம் பழைய கம்பளியை உள்பக்கம் வைத்துத் தைத்து வாங்கினேன், இரண்டு இறக்கைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கட்டும், இறக்கையின் அசையும் தகடுகளைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோவின் கைகள் அடுத்த இறக்கையைக் கிழிக்கும்.

காருக்குள் ஏற்றுவதில் உண்மையான குறை பெட்ரோல். வெயிலில் டேங்க் சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடி, பெட்ரோல் கார்புரேட்டர் வழியாக ஒழுகி, ஏசி போட்ட காருக்குள் ஆவி நிறையும். கிளம்பும் முன் டேங்கைக் காலி செய்து குழாய்களை அடைத்துவிடுங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளை முழு சார்ஜில் ஏற்றாமல், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, மைதானத்தில் சார்ஜ் செய்தால் நிம்மதி. காரை வெயிலில் நிறுத்திவிட்டு டிபன் சாப்பிடப் போகாதீர்கள், பேட்டரிக்கும் கெடுதல், இறக்கையில் ஒட்டிய ஃபிலிமும் சுருங்கிக் குமிழ் விடும்.

மாருதி ஈக்கோ வேன் வைத்திருப்பவர்கள் ஐம்பது சிசி விமானம் வரை யோசிக்கலாம், அதற்கு மேல் என்றால் அளவு நாடாவோடு போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்த அலுமினியக் குழாய் காருக்குள் பாடியோடு இருந்தால் இரு பக்கமும் இடிக்கும், அதனால் உருவித் தனியாக வைக்க வேண்டும், தனியாக வைப்பது எதுவும் மறக்கும். நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போய், விடிகாலை ஆறு மணிக்கு, வறண்ட ஏரியில் நின்று, இரண்டு இறக்கையையும் கையில் பிடித்தபடி குழாய் எங்கே என்று தேடியிருக்கிறேன். இப்போதெல்லாம் முந்தின ராத்திரியே கார் சாவியை அந்தக் குழாயில் கட்டிவைத்துவிடுகிறேன்.