மாதிரி ரயில் எஞ்சின்களை மேம்படுத்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கும் முன்: ஓர் எச்சரிக்கை

மாதிரி ரயில்பாதை அமைப்பவர்களில், பாதையையும் சக்கரத்தையும் உண்மை அளவிலிருந்து பிசகாமல் விகிதப்படி குறைத்துச் செய்யும் நுண்ணளவு முறையைப் பின்பற்றுகிறவர்கள் சென்னையில் அதிகம் பேர் இல்லை. அதனால் இந்த வேலையைக் கூலிக்கு எடுத்துச் செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் நாம் எல்லோரும் சுற்றிச் சுற்றி அவரிடமே போய்ச் சேர்கிறோம். வடசென்னையில் பட்டறை வைத்திருக்கும் அப்படிப்பட்ட ஒருவரிடம் மூன்று டீசல் எஞ்சின்களையும், அவை ஓடுவதற்கான பாதையின் முதல் இரண்டு பலகைகளையும் செய்யக் கொடுத்தேன். கூலியும் பொருளும் சேர்த்து ரூ.1,10,000 என்று பேசி, அதில் ரூ.70,000-ஐ முன்பணமாகவும், மீதியை அவர் அனுப்பிய ஓட்டக் காணொளியைப் பார்த்த பிறகும் கொடுத்தேன். கைக்கு வந்து சேர்ந்த பொருள் எப்படி இருந்தது என்பதை, அவரிடமோ அவரைப் போன்றவரிடமோ எஞ்சின் கொடுக்க நினைக்கும் மற்றவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கடையில் கிடைக்கும் 1:87 அளவு மாதிரிகள் பெரும்பாலும் 16.5 மி.மீ. பாதையில் ஓடுகின்றன, அது 1435 மி.மீ. அகலமுள்ள அமெரிக்க, ஐரோப்பியப் பாதைகளுக்குப் பொருந்தும். நம் அகலப்பாதை 1676 மி.மீ. என்பதால் அதே அளவுவிகிதத்தில் 19.25 மி.மீ. வரவேண்டும். இந்த இரண்டே முக்கால் மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், 16.5 மி.மீ. பாதையில் நிற்கும் நம் ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் ஒன்றை நேர் எதிரிலிருந்து ஒருமுறை பார்த்தால் போதும். அவ்வளவு பெரிய உடம்புக்குக் கால்கள் ஒடுங்கிப்போய் நிற்பது உடனே கண்ணில் படும். தண்டையார்பேட்டை டீசல் ஷெட்டின் ஒரு மூலையை மாதிரியாகக் கொண்ட யார்டு ஒன்றை 19.25 மி.மீ. பாதையில் அமைப்பது என் திட்டம். அதற்காக, ஆறு அச்சுகள் கொண்ட, ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்து எஞ்சின் மாதிரிகளின் அடிச்சட்டத்தின் மேல் டபிள்யூடிஎம்-2 உடல்களைப் பொருத்தி வைத்திருந்தேன். இந்திய எஞ்சினே ஆல்கோவின் டிஎல்560சி வடிவமைப்பில் பிறந்து, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்டது என்பதால் அந்த அடிச்சட்டம் ஓரளவு ஒத்துப்போகிறது.

அவர் செய்து தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தவை இவை. கடைசல் இயந்திரத்தில் புதிதாகக் கடைந்த மெல்லிய விளிம்புள்ள சக்கரங்களைப் புதிய அச்சுகளில் ஏற்றி, பன்னிரண்டு சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கும்படி செய்வது. ஜெர்மானிய ஒலி டிகோடரையும் (கட்டளைகளைப் படித்து மோட்டார், விளக்கு, ஒலி மூன்றையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஸ்பீக்கரையும் பொருத்தி, ஆல்கோ எஞ்சினின் ஒலியை ஏற்றித் தருவது. ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்டில் பலகை செய்து, அதன் மேல் கையால் பாதை போட்டு இரண்டு பாயின்ட்டுகள் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடங்கள்) அமைப்பது.

வண்ண வேலையைக் குறை சொல்ல முடியாது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க் கறையும் பிரேக் தூசியும் படிந்து, கூரையில் புகைக்கரி ஏறி, பொன்மலை ஷெட்டின் பெயர் கொஞ்சம் மங்கி, மூன்றும் உண்மையிலேயே பல ஆண்டு ஓடிக் களைத்த எஞ்சின்களாகத் தெரிந்தன. பெட்டியைத் திறந்ததும் யாரும் பாராட்டத்தான் செய்வார்கள். அவருடைய தொழில் ரகசியமே அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்: கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முழு உழைப்பு, தெரியாத இடத்தில் முழு ஏமாற்று.

முதலில் அகப்பட்டது சக்கரம். டபிள்யூடிஎம்-2 எஞ்சினின் சக்கர விட்டம் 1092 மி.மீ.; 1:87-இல் அது 12.5 மி.மீ. ஆக வேண்டும். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 11.6 மி.மீ. காட்டியது. அது அமெரிக்க எஞ்சின்களின் 40 அங்குலச் சக்கரத்தின் அளவு. அதாவது புதிய சக்கரம் எதையும் அவர் கடையவே இல்லை. பழைய சக்கரங்களையே கழற்றி, நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் குழலைத் துளைத்து, அச்சுகளை வெளியே இழுத்து, உடனடிப் பசையை விட்டு ஒட்டியிருக்கிறார். இரு சக்கரங்களின் உட்பக்க முகங்களுக்கு இடையே 18.2 மி.மீ. இருக்கவேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்க, ஓர் அச்சில் 17.6, அடுத்ததில் 18.0, இன்னொன்றில் சக்கரத்தை அரைச்சுற்று சுழற்றினால் அளவே மாறுகிறது. சக்கரம் அச்சில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இந்த இடைவெளி குறைந்தால் சக்கரத்தின் முதுகு பாயின்ட்டில் சக்கரத்தை வழிநடத்தும் செக் ரெயிலில் இடித்து மேலேறும். கூடினால் எதிர்ச் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங்கின் கூர்மூக்கில் மோதும். கடையில் விற்கும் பாதைகளில் இடைவெளி தாராளமாக இருப்பதால் இந்தப் பிசகுகள் மன்னிக்கப்படும். நுண்ணளவுப் பாதையில் மன்னிப்புக்கு இடம் கிடையாது. என் பாயின்ட்டில் மூன்று எஞ்சின்களும் ஒன்று தவறாமல் தடம் புரண்டன. காணொளியில் எப்படி ஓடின என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். நேரான ஒற்றைப் பாதை, ஒரே வேகம். பாயின்ட் எங்குமே இல்லை.

மின்சாரம் எடுப்பதும் அப்படியே. மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சக்கரத்திலும் மறுமுனையை டிகோடரின் சிவப்புக் கம்பியிலும் கறுப்புக் கம்பியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில், பன்னிரண்டில் நான்கு சக்கரங்கள் மட்டுமே உயிரோடு இருந்தன. வேகமாக ஓடும்போது இது வெளியே தெரியாது. யார்டில் ஊர்ந்து போகும்போது ஒரு சிறு அழுக்கிலேயே நின்றுவிடும்.

இனி ஒலிக்கு வருகிறேன். எழும்பூரிலிருந்து திருச்சிப் பக்கம் டீசல் இழுத்த ரயில்களில் போய்வந்தவர்களுக்கு ஆல்கோ 251 எஞ்சினின் குரல் காதிலேயே இருக்கும். பதினாறு சிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சின். நிற்கும்போது ஒழுங்கில்லாமல் தடதடக்கும். விசையின் படியான நாட்ச்சைக் கூட்டினால் முதலில் திணறிக் கரும்புகை கக்கி, பிறகு டர்போவின் கீச்சொலி மெல்ல மேலே ஏறும். எனக்கு வந்த எஞ்சினில் ஒலித்தது சீரான இரண்டு வீச்சு இரைச்சல். டபிள்யூடிபி-4 என்ற வேறு டீசல் வகையில் இருக்கும், இஎம்டி நிறுவனத்து எஞ்சினுடையது. அதுகூடப் பரவாயில்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த இரைச்சல் மாறவே இல்லை. அதைவிட, எஞ்சினை யார்டில் நிறுத்திவிட்டு நான் வேறு வேலையில் இருந்தபோது, அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இந்தியில் வண்டி எண்ணைச் சொல்லி, பிளாட்பாரத்தைச் சொல்லி, தாமதத்துக்கு வருத்தமும் தெரிவித்தது.

உடலைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எம்பி3 பலகை ஒன்று இரட்டைப் பக்க நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. அதில் நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டு. கார்டில் ஒரே ஒரு கோப்பு. ஏதோ ஒரு வடநாட்டு ஸ்டேஷனில் யாரோ எடுத்த காணொளியின் ஒலியை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்திருக்கிறார். டிகோடரின் விளக்குக் கம்பியிலிருந்து அந்தப் பலகைக்கு மின்சாரம்; அதனால்தான் விளக்குப் போட்டால் சத்தம் வருகிறது, அணைத்தால் நிற்கிறது. மேலே சுற்றியிருந்த கறுப்பு நாடாவை உரித்தபோது டிகோடரில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

பெயர் இல்லாவிட்டாலும் டிகோடர் வாய் திறந்து சொல்லும் ஓர் இடம் உண்டு. வாங்குகிற எல்லோரும் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையின் டிகோடர்களில் சிவி 8 என்ற நினைவக இடத்தில் தயாரிப்பாளரின் எண் பதிவாகியிருக்கும். இஎஸ்யு என்றால் 151, சிமோ என்றால் 145, சவுண்ட்டிராக்ஸ் என்றால் 141. புரோகிராமிங் பாதையில் எஞ்சினை வைத்துப் படித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு 13 என்று வந்தது. அது வீட்டில் தாமே செய்துகொள்பவர்களுக்கென்று பொதுவில் விடப்பட்ட எண். இதைச் சொன்னதற்கு அவர் கொடுத்த பதில்: “சார், அது ஒவ்வொரு கண்ட்ரோலர்லயும் ஒவ்வொரு நம்பர் காட்டும், அதையெல்லாம் பாக்காதீங்க.” காட்டாது. எந்த நிறுவனத்தின் கண்ட்ரோலரில் படித்தாலும் ஒரே எண்தான் வரும்.

இதுவரை சொன்னதைத் தரக்குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது திருட்டு. நான் கொடுத்த அடிச்சட்டங்களில் ஐந்து துருவ மோட்டாரும் அதன் இரு பக்கத்திலும் பித்தளை ஃபிளைவீல்களும் (சுழற்சியைச் சீராக்கும் கனமான உருளைகள்) இருந்தன. கொடுப்பதற்கு முன் மூன்றையும் திறந்து படம் எடுத்து வைத்திருக்கிறேன். திரும்பி வந்தவற்றில் இரண்டில் மூன்று துருவ மோட்டார், ஒரே ஃபிளைவீல். குறைந்த வேகத்தில் எஞ்சின் விட்டு விட்டு நகர்ந்ததற்குக் காரணம் இதுதான். பழைய மோட்டார் எங்கே என்று கேட்டால், “அது சூடாகுது சார், நல்லதா மாத்திக் கொடுத்திருக்கேன்” என்கிறார். மாற்றிய பழையதைத் தரச் சொன்னால் குப்பையில் போய்விட்டதாம். என் மோட்டார்கள் வேறு யாருடைய எஞ்சினிலோ ‘மேம்பாடு’ என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

பலகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் விளிம்புகள் ஊதி, ஒட்டுப் பிரிந்து, இரண்டு பலகைகளும் சேரும் இடத்தில் தண்டவாளம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிட்டது. அடிப்பக்கத்துச் சாம்பல் பெயின்ட்டைச் சுரண்டினால் தெரிந்தது ஐஎஸ் 303 முத்திரை. வீட்டு அலமாரிக்குப் போடும் சாதாரண ப்ளைவுட். பாதையை ஈயப்பற்று வைத்து இணைத்தபோது, பற்று பிடிக்க உதவும் அமில ஃபிளக்ஸைப் போட்டுக் கழுவாமல் விட்டதால், நம் ஊர் உப்புக் காற்றில் ஒவ்வொரு ஸ்லீப்பர் இணைப்பிலும் பச்சை பூத்திருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் மரியாதையாகப் பேசினார், பிறகு தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார், கடைசியில் உறவினர் ஒருவரைப் பேச வைத்தார். “விளையாட்டுச் சாமானுக்குப் போய் இவ்வளவு பிரச்சினை பண்றீங்களே சார்” என்பதே அந்த உறவினரின் வாதம். ஒரு லட்ச ரூபாய் வாங்கும்போது அது விளையாட்டுச் சாமானாகத் தோன்றவில்லை போலும். அவர் கொடுத்த ரசீதில் ‘எலக்ட்ரானிக் வேலை, மர வேலை’ என்று மட்டுமே இருக்கிறது. டிகோடரின் பெயரும் ப்ளைவுட்டின் தரமும் வாட்ஸ்அப் செய்திகளில் இருப்பதால்தான் எனக்குக் கையில் சான்று இருக்கிறது. ரசீதிலேயே பொருளின் பெயரை எழுத மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். கழற்றும் பழைய பாகங்கள் எல்லாவற்றையும் திருப்பித் தரவேண்டும் என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதிப் பணத்தைக் காணொளிக்குக் கொடுக்காமல் நேரில் போய்ச் சோதித்துக் கொடுப்பதே வழி. வெர்னியரையும் மல்டிமீட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பாயின்ட் ஒன்றையும் கையோடு கொண்டுபோய் அதில் இரு திசையிலும் ஓட்டச் சொல்லுங்கள். மணிக்கு 10 கி.மீ. வேகம் என்பது 1:87-இல் விநாடிக்கு ஏறத்தாழ 3.2 செ.மீ.; ஒரு மீட்டர் பாதையைக் கடக்க அரை நிமிடம் ஆகவேண்டும். அந்த வேகத்தில் விளக்கு சிமிட்டாமல், திக்கித் திணறாமல் போகிற எஞ்சினில் மோட்டாரும் மின்தொடர்பும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

என் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிவிட்டேன். பதில் வராததால் நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் 1915 என்ற உதவி எண்ணில் தங்கள் புகாரையும் பதிவு செய்யுங்கள். மனு நிலுவையில் இருக்கும்வரை அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வடசென்னைப் பட்டறை ஒன்றில் எஞ்சின் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதினால் சக்கர அளவுகள், மோட்டாரின் முன்பின் படங்கள், அந்த இந்தி அறிவிப்பு உள்ள கோப்பு ஆகிய மூன்றையும் அனுப்பி வைக்கிறேன். உங்கள் எஞ்சினிலும் அதே பெண் குரல் பேசினால் எனக்கும் தெரியப்படுத்துங்கள், மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.