ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கப் போகிறீர்களா, முதலில் இதைப் படியுங்கள்

நெல்லையில் பைபாஸ் ஓரம் இருக்கிற கார் கன்சல்டிங் கடைகளில் இப்போது வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பத்து, பன்னிரண்டு லட்சத்துக்கு நிற்கின்றன. புதிதாக எடுத்தவர் அதற்கு எத்தனையோ மடங்கு கொடுத்திருப்பார். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அப்படி ஒரு வண்டியை வாங்கி நான் இரண்டு முறை ஏமாற்றப்பட்டேன். விற்றவர் ஒரு முறை, சரி செய்து தருகிறேன் என்று வாங்கிப் போட்ட ஒர்க்‌ஷாப் இன்னொரு முறை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரையும் ஒர்க்‌ஷாப் பெயரையும் எழுதவில்லை, வண்டி கம்பெனி மேல் எனக்குக் குறை எதுவும் இல்லாததால் அதன் பெயரும் வேண்டாம். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு இந்த மாதிரி வண்டி தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. களக்காடு பக்கம் மலையடிவாரத்தில் வாழைத் தோட்டம் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும், சாதாரண கார் அடிதட்டிவிடும். அம்மாவுக்கோ இரண்டு முட்டியிலும் தேய்மானம், உயரமான ஜீப்பில் கால் தூக்கி வைத்து ஏற முடியாது. ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் நிற்கும்போது வண்டி தாழ்ந்து கொடுக்கும், ஓடையில் இறங்கும்போது சுவிட்சைத் தள்ளினால் எழும்பி நிற்கும். தோட்டத்தை அம்மா பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது, அதற்காகவே இந்த வண்டிதான் வேண்டும் என்று தேடினேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மோசடி புரியும். சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு சக்கரத்திலும் காற்று அடைத்த ரப்பர் பெல்லோ இருக்கும், நம்ம ஊர் ஆம்னி பஸ்களில் இருப்பதும் இதே சங்கதிதான். ஒரு சின்ன மின்சார கம்ப்ரஸர் காற்றை அழுத்தி அனுப்பும், ஒரு டேங்க் அதைச் சேமித்து வைக்கும், வால்வு பிளாக் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று பிரித்து விடும், ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கிற உயர சென்சார் அளந்து சொல்ல, ஒரு கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நடத்தும். காலப்போக்கில் ரப்பர் மடிகிற இடத்தில் வெடிப்பு விழும். அங்கே காற்று கசியக் கசிய, உயரத்தை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடிச் சூடேறி ஒரு நாள் எரிந்து போகும். கம்ப்ரஸரோடு இருக்கிற டிரையர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதுவும் நிறைந்துவிட்டால் ஈரம் வால்வு பிளாக் வரை போய் அங்கே துரு பிடிக்கும். அதாவது ஒரு பெல்லோவில் ஆரம்பிக்கிற நோய் மொத்தத்தையும் தின்றுவிடும். கசிவை அடைக்காமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் அந்தக் காசு தண்ணீரில் போட்டதுதான்.

நான் வண்டி பார்க்கப் போனது மத்தியானம். ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து ஏசி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். நான்கு பக்கமும் சமமாக நின்றது, பாளையங்கோட்டை வரை ஓட்டிப் பார்த்தேன், எஞ்சினில் ஒரு சத்தம் கிடையாது. “டாக்டர் வச்சிருந்த வண்டி அண்ணாச்சி, ஊருக்குள்ள மட்டும்தான் ஓடியிருக்கு. டீசல் போட்டு ஓட்டுனா போதும், வேற செலவே வராது பாத்துக்கிடுங்க” என்றார் கடைக்காரர். வண்டியை இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லி நேராகவே கேட்டேன், அம்மாவுக்காகத்தான் வாங்குகிறேன் என்பதையும் சொன்னேன். “அந்த சுவிட்ச் மட்டும் போயிருக்கு, சின்ன பார்ட்டு, மெட்ராஸ்ல இருந்து வரணும். வந்ததும் நானே மாட்டித் தாரேன், சஸ்பென்ஷன்ல ஒரு குறையும் கிடையாது” என்றார். வீட்டுக்கு வந்த பிறகு அதையே வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவும் கேட்டு வாங்கினேன். அந்தச் செய்திதான் இன்று என் கையில் இருக்கிற பெரிய சாட்சி. பதினோரு லட்சம், அவருடைய கணக்கிலேயே போட்டேன்.

வாங்கிய மறுநாள் விடிந்ததும் பார்த்தால் முன்பக்க இடது சக்கரம் மட்கார்டுக்குள் பாதி மறைந்து கிடக்கிறது. போன் செய்தால், “காத்துதான அண்ணாச்சி, நின்னா இறங்கத்தான் செய்யும்” என்கிறார். இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. ரொம்ப நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பழைய வண்டி கொஞ்சம் தாழலாம். ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு மூலை மட்டும் தரையில் உட்கார்ந்தால் அங்கே கசிவு இருக்கிறது, சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அவர் போனை எடுப்பதைக் குறைத்துக்கொண்டதும், வெளிநாட்டு வண்டி பார்ப்போம் என்று பெரிய போர்டு வைத்திருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். இந்த வண்டிக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர் நம்ம ஊரில் கிடையாது, வெளியூருக்கு ரெக்கவரி வேனில் ஏற்றிக் கொண்டுபோவதே தனிச் செலவு (எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியை இரண்டு சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கவே கூடாது, எஞ்சின் விசையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும், முழுதாக ஏற்றுகிற வேன்தான் வேண்டும்). ஒர்க்‌ஷாப்காரர் வண்டி கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கிற ஸ்கேனரைப் போட்டார். முன் இடது மூலை சரியாக எழும்பவில்லை என்று ஸ்கேனரே காட்டியது, நானும் திரையில் பார்த்தேன். அந்தப் பெல்லோவைக் கழற்றியாவது பார்த்தாரா என்றால் இல்லை. கம்ப்ரஸர் போச்சு என்று சொல்லி அறுபதாயிரத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு புதுசு என்று ஒன்றை மாட்டினார். பழையதைக் கேட்டதற்குத் தரவில்லை. வண்டி கொஞ்ச நாள் கூடச் சரியாக நிற்கவில்லை, மறுபடியும் அதே மூலை இறங்கியது. திரும்பக் கொண்டுபோனால் வால்வு பிளாக்கையும் மாற்ற வேண்டும், அதற்கு இன்னொரு தொகை என்கிறார்.

கடைசியில் தச்சநல்லூரில் பஸ் வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம் காட்டினேன். ஆம்னி பஸ் சஸ்பென்ஷனில் பழகியவர். ஸ்கேனர் எதுவும் எடுக்கவில்லை, சோப்புத் தண்ணீரையும் ஒரு டார்ச்சையும் எடுத்தார். சக்கரத்தைக் கழற்றி, உள் மட்கார்டு பிளாஸ்டிக்கை நீக்கியதும், “தம்பி, இங்கன வந்து பாரு” என்று கூப்பிட்டார். கம்ப்ரஸர் பக்கமிருந்து வருகிற காற்றுக் குழாயை அறுத்து, அதன் வாயில் ஆணியை வைத்துப் பசை பூசி அடைத்திருந்தார்கள். பெல்லோ பக்கம் போகிற துண்டில் டயர் டியூபில் இருக்கிற வால்வைச் செருகியிருந்தார்கள். பஞ்சர் கடை பம்பை மாட்டிக் காற்றடித்தால் வண்டி சில மணி நேரம் நிமிர்ந்து நிற்கும், ஆள் வந்து பார்த்து ஓட்டிவிட்டுப் போவதற்கு அது போதும். பெல்லோவைச் சுற்றி மடிப்பில் வெடிப்பு, சோப்புத் தண்ணீர் பட்டதும் நுரை தள்ளியது. உயர சென்சார் அந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று சொல்லச் சொல்ல, கம்ப்ரஸர் அடைபட்ட குழாயில் காற்றைத் தள்ளிப் பார்த்தே வீணாகியிருக்கிறது. புதுக் கம்ப்ரஸருக்கும் அதே கதிதான் நடந்துகொண்டிருந்தது. அதையும் பெரியவர் திருப்பிக் காட்டினார், பார்ட் நம்பர் இருந்த இடத்தை ராவி எடுத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறது, பெயின்டுக்கு அடியில் போல்ட் எல்லாம் துரு. யாரோ கழித்துப் போட்ட பழைய கம்ப்ரஸருக்குத்தான் நான் புது விலை கொடுத்திருக்கிறேன்.

இத்தனை நாளும் எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை என்று அவரிடம் கேட்டேன். சாவியைப் போடச் சொன்னார். சாவி போட்டதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது அது. ஏபிஎஸ் எரிந்தது, எஞ்சின் விளக்கு எரிந்தது, சஸ்பென்ஷன் விளக்கு எரியவே இல்லை. மீட்டரைப் பிரித்து அதை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற யாராவது இந்த வாரம் வண்டி பார்க்கப் போவதாக இருந்தால், தயவுசெய்து விடிகாலையில் போங்கள், அதுவும் முந்தின நாள் மாலையே போய் நான்கு மட்கார்டின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து படம் எடுத்து வைத்துவிட்டு. எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் ஏற்பாடு நடந்துவிட்டது என்று அர்த்தம். சாவி போட்டதும் எரிகிற விளக்குகளை வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். எல்லா உயரத்துக்கும் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், மேல் உயரத்தில் நிற்கும்போதுதான் ரப்பர் மடிப்பு விரிந்து வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். காட்ட மாட்டேன், சுவிட்ச் போச்சு, ஃபியூஸ் போச்சு என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சொந்த ஸ்கேனரோடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஓட்டுவதற்கு முன் ஒரு முறை, பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள், அழித்து வைத்த பிழைகள் ஓட்டியதும் திரும்ப வரும். நான்கு டயரும் ஒரே அளவா, தேய்மானம் ஒன்றுபோல இருக்கிறதா என்றும் பாருங்கள், வித்தியாசமான டயரோடு ஓடிய ஃபோர் வீல் டிரைவில் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கிற நடு டிஃபரன்ஷியல் அடி வாங்கியிருக்கும். மேட்டுக்கும் சேற்றுக்குமான லோ கியர் விழுகிறதா என்று போட்டே பார்த்துவிடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நம்ம பக்கமும் தூத்துக்குடி பக்கமும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். அப்படி மூழ்கிய வண்டியில் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர், வயரிங் எதையும் நம்ப முடியாது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னி வைக்கிற குழியில் வண்டல், சீட் தண்டவாளத்தில் துரு, இதெல்லாம் பெயின்டால் மறைக்க முடியாத இடங்கள். இன்னொரு பக்கம் டெல்லி வண்டிகள். அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளைத் தடுத்து 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதிலிருந்து அங்கே மலிவாக விழுந்த பெரிய டீசல் வண்டிகள் தெற்கே நிறைய வந்திருக்கின்றன. வண்டி கெட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் அந்த ஊர் ஆர்டிஓ தருகிற என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, 15 வருஷப் பதிவில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் பார்த்த பிறகே விலை பேசுங்கள். அந்த ‘மலிவு’ விலை அதிலேயே கரைந்துவிடலாம்.

அப்புறம் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. இந்த வண்டிகளை ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கு முன் சஸ்பென்ஷனை, அது தானாக ஏறி இறங்காமல் நிறுத்துகிற ஜாக் மோடில் போட வேண்டும், அந்த வசதி இல்லாவிட்டால் கையேட்டில் சொன்னபடி அணைக்க வேண்டும். ஸ்டாண்ட் கொடுக்காமல் யாரும் அடியில் கையை நீட்டக் கூடாது, காற்று போனால் வண்டி சட்டென்று இறங்கிவிடும். பஞ்சர் கடைத் தம்பிகள் நிறைய பேருக்கு இது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

புகாருக்குப் போனபோதுதான் சட்டம் நமக்கு எவ்வளவு உதவுகிறது என்று தெரிந்தது. விற்றவர் இப்போது “நான் வெறும் புரோக்கர்தான், வித்தது ஓனர்” என்கிறார். ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர் ஆர்டிஓ-விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அது படிவம் 29பி. ஓனர் வண்டியைக் கடையில் ஒப்படைத்த விவரம் படிவம் 29சி மூலம் ஆர்டிஓ-வுக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் காட்டுங்கள் என்று கேட்டாலே கடையின் தரம் தெரிந்துவிடும், இவரிடம் இரண்டும் இல்லை. பழைய பொருளையோ ரீகண்டிஷன் செய்ததையோ புதுசு என்று சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே முறையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறது, ஒர்க்‌ஷாப் மேல் அதைத்தான் வைத்திருக்கிறேன். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், 2 வருஷத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, பத்திலிருந்து இருபது லட்சத்துக்கு 400 ரூபாய்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

வண்டியைப் பெரியவர்தான் சரி செய்து கொடுத்தார். முன்பக்க இரண்டு பெல்லோவையும் ஜோடியாக மாற்றி, புதுக் குழாய் போட்டு, பில்லோடு வாங்கிய கம்ப்ரஸரும் டிரையரும் ரிலேயும் சேர்த்து மாட்டினார். அதன் பிறகு உயரத்தை ஸ்கேனரில் சரிப்படுத்தி, வீல் அலைன்மென்டும் பார்த்தாயிற்று. மொத்தச் செலவு நான் பயந்ததைவிடக் குறைவுதான், முதலிலேயே உண்மையைச் சொல்லி அந்தத் தொகையை விலையில் கழித்திருந்தால் நான் சந்தோஷமாகவே வாங்கியிருப்பேன் என்பதுதான் மனதை அறுக்கிறது.

நம்ம பக்கம் சமீபத்தில் இந்த வகை வண்டி வாங்கியவர்கள் நான்கு உள் மட்கார்டையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். டியூப் வால்வு இருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், கழற்றுகிற மெக்கானிக்கிடம் என்ன இருந்தது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், கழற்றிய துண்டை ஒரு கவரில் போட்டு வையுங்கள், பணம் போட்ட வங்கி விவரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள்.