எட்டு வருடம், ஒரே ஸ்டுடியோ: எது உழைத்தது, எது வேலையை நிறுத்தியது

முதல் நாள் அந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது என் கண் போனது மைக் அலமாரிக்கு. இப்போது உள்ளே போனதும் முதலில் குனிந்து பார்ப்பது கதவின் அடியில் ஓடும் ரப்பர் பட்டையை. இரண்டுக்கும் நடுவில் எட்டு வருடம் ஓடிவிட்டது.

நான் அங்கே சம்பளத்துக்கு இருப்பவன் அல்ல, பங்குதாரனும் அல்ல. யாராவது கூப்பிட்டால் போய்ப் பதிவு செய்து கொடுக்கும் சௌண்ட் இன்ஜினியர். அதனால் அந்த இடத்தைப் புகழவும் அவசியமில்லை, திட்டவும் அவசியமில்லை. ஒரு பழக்கம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. பதிவு பாதியில் நின்றால் ஏன் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். இந்தப் பகிர்வு பெரும்பாலும் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே எழுதியது.

மொத்தம் நான்கு அறைகள். வாத்தியங்கள் வாசிக்க ஒரு லைவ் ரூம், சுமார் 8 மீட்டருக்கு 6 மீட்டர், உயரமான கூரை. பாடுவதற்கு ஒரு சின்ன பூத். நாங்கள் உட்காரும் கன்ட்ரோல் ரூம். கம்ப்யூட்டரும் ஃபேன் ஓடும் மற்ற பெட்டிகளும் அடைந்து கிடக்கும் மெஷின் ரூம். லைவ் ரூம் ‘அறைக்குள் அறை’ முறையில் கட்டியது. உள்தரை ரப்பர் தாங்கிகள் மேல் நிற்கிறது. உள்சுவர் வெளிச்சுவரைத் தொடவே தொடாது, நடுவில் காற்று இடைவெளி. லைவ் ரூமுக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் நடுவே பார்க்கும் கண்ணாடியில் இரண்டு தகடுகள், ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. ஒவ்வொரு தடிமனும் ஒவ்வொரு அலைவரிசையில் சத்தத்தைக் கோட்டைவிடும் என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் கோட்டைவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஐந்தாவது வருடம் அந்தத் தகடுகளுக்கு நடுவில் ஈரம் படிந்து கண்ணாடி மங்கிப்போனது. சத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் டிரம்மர் என் கைஜாடையைப் பார்க்கவே முடியாமல் இரண்டு மாதம் ஓட்டினோம்.

இப்போது அந்த ரப்பர் விஷயம். மூன்றாவது வருடம், ஒரு பாடகி மிக மெதுவான பல்லவி பாடிக்கொண்டிருந்தார். டேக் அருமையாக வந்தது. திரும்பப் போட்டுக் கேட்டால் முதல் வரிக்கு அடியில் யாரோ பேசுகிறார்கள். ஹெட்ஃபோன் கசிவு என்று நினைத்து ஹெட்ஃபோனை மாற்றினோம், மைக்கைத் திருப்பினோம், அரை நாள் போனது. கடைசியில் உற்றுக் கேட்டால் பேசுவது நானே! கன்ட்ரோல் ரூமில் பக்கத்தில் இருந்தவரிடம் “கொஞ்சம் தண்ணி கொடுங்க” என்று கேட்டது அப்படியே பதிவாகியிருக்கிறது. கதவு ரப்பர் காய்ந்து கல்லாகி, அடியில் விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தது. சுவர் எத்தனை தடிமனாக இருந்தாலும் சரி, அதன் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. சுவருக்குக் கொட்டிய உழைப்பையெல்லாம் ஒரு முழ ரப்பர் தின்றுவிடும். அன்றிலிருந்துதான் இந்தக் குனிந்து பார்க்கும் பழக்கம்.

லைவ் ரூம்தான் இந்த இடத்தின் உயிர். மரத்தரை, சுவரில் கதவு மாதிரித் திருப்பும் பலகைகள். ஒரு பக்கம் துணி போர்த்திய உறிஞ்சும் பொருள், மறுபக்கம் வெறும் மரம். வயலின் கூட்டமாக வாசிக்கும்போது மரப் பக்கம், மிருதங்கம் அல்லது டிரம்ஸ் என்றால் பாதிக்குப் பாதி. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? நடைமுறையில் பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை. திருப்பாமலே விட்டதில் சில கீல்கள் இறுகிவிட்டன. போன வருடம் எண்ணெய் விட்டு நானே நான்கைத் திருப்பினேன். ஐந்தாவதை இன்னும் அசைக்க முடியவில்லை.

பூத்தைப் பற்றி என் கருத்து முழுசாக மாறிவிட்டது. ஆரம்பத்தில் அதன் ‘உலர்ந்த’, அதாவது எதிரொலி இல்லாத, சத்தம் பிடித்திருந்தது. பிறகு புரிந்தது, அது உலர்ந்த சத்தம் இல்லை, பாதி உலர்ந்த சத்தம். சுவரில் ஒட்டிய இரண்டு அங்குல ஃபோம் மேல் ஸ்தாயிச் சத்தத்தைத்தான் உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர், அதை இரண்டு அங்குலம் என்ன செய்யும்? கீழ் ஸ்தாயி அப்படியே அறைக்குள் சுற்றும். குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல வரும், மிக்ஸிங்கில் அதை எடுக்க மல்லுக்கட்ட வேண்டும். போதாததற்கு பூத்தில் ஏசி சத்தம் கேட்கும் என்று அணைத்துவிடுவார்கள், இருபது நிமிடத்தில் பாடகர் வியர்த்துக் களைத்துவிடுவார். லைவ் ரூமில் அந்தப் பிரச்சினை இல்லை. அங்கே குழாய் அகலமானது, காற்று மெதுவாக வருகிறது, வழியில் இரண்டு வளைவும் உள்ளே உறிஞ்சும் பூச்சும் உண்டு. ஏசி ஓடுவதே தெரியாது. ஆகவே நான் பாடகர்களை லைவ் ரூமிலேயே மூன்று நகரும் தடுப்புகளுக்கு நடுவில் நிறுத்துகிறேன். பூத்தில் கிடார் ஆம்ப், அதாவது கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, போய் உட்கார்ந்துவிட்டது. அதற்கு வியர்க்காது.

கன்ட்ரோல் ரூமில் ஒரே ஒரு சிக்கல், அதன் பெயர் சோஃபா. பின்சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். தயாரிப்பாளர், பாடலாசிரியர், கூட வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் உட்காருவார்கள். “பேஸ் ரொம்ப அதிகமா இருக்கே” என்பார்கள். பேஸ் என்றால் அடித்தொண்டைச் சத்தம், கீழ் ஸ்தாயி. எனக்கோ அது குறைவாகத்தான் கேட்கும். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. சுவர் ஓரத்தில் கீழ் ஸ்தாயி அழுத்தம் கூடிவிடும், அறையின் நட்டநடுவில் குறிப்பிட்ட சில அலைவரிசைகள் காணாமல் போய்விடும். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் சுற்றி அந்த முதல் பள்ளம் நடுவில் விழும். இரண்டு வருடம் வாதாடிவிட்டு, கடைசியில் என் நாற்காலியை முன்னே நகர்த்தினேன், சோஃபாவை ஒரு மீட்டர் முன்னால் இழுத்தேன். பின்னால் கனமான உறிஞ்சும் பெட்டிகள் வைத்தார்கள். சண்டை பாதியாகக் குறைந்தது.

மானிட்டர்களில், அதாவது பதிந்ததைக் கேட்டுப் பார்க்கும் ஸ்பீக்கர்களில், சுவருக்குள் பதித்த பெரிய ஜோடி விருந்தாளிகளுக்கு, அதில் எந்தப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். வேலை நடப்பது மேசை மேல் இருக்கும் சின்ன ஜோடியில். வெள்ளைக் கூம்பு வைத்த யமஹா என்எஸ்-10 ஒரு ஜோடியும் இருக்கிறது. 1978-ல் வீட்டு ஸ்பீக்கராக வந்து, ஸ்டுடியோக்களில் நிலைத்து, 2001-ல் உற்பத்தி நின்றுபோனது. மேல் ஸ்தாயி கூர்மையாக இருப்பதால் ட்வீட்டர் (மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டும் வழக்கமே ஒரு காலத்தில் இருந்தது. குரல் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க இன்றும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கேட்டால் காது கெஞ்சும்.

மைக் அலமாரிக்கு வருவோம். நடுத்தட்டில் நாய்மன் யு87 இருக்கிறது, 1967-ல் அறிமுகமான குடும்பம். வருகிறவர்கள் எல்லாம் அதோடுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். நல்ல மைக், சந்தேகமே இல்லை. ஆனால் என் நோட்டில் எட்டு வருடமாக ஒரு முறைகூடப் பெயர் வராதது கீழ்த்தட்டில் கிடக்கும் ஷூர் எஸ்எம்57. 1965-லிருந்து வரும் டைனமிக் மைக். ஸ்னேர் டிரம் குச்சியால் அடி பட்டிருக்கிறது, ஸ்டாண்டோடு விழுந்திருக்கிறது, மறுநாளும் வேலை செய்தது. யு87 மாதிரியான கண்டன்சர் மைக்குகளுக்கு அந்த முரட்டுத்தனம் கிடையாது. உள்ளே சத்தத்துக்கு ஆடுவது மெல்லிய பிளாஸ்டிக்கில் உலோகம் பூசிய படலம். ஈரம் ஏறினால் பட்பட் என்று பொரியும். பாடகர் மூச்சே போதும் அதற்கு. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, பாடி முடித்ததும் துடைத்து உள்ளே வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

என் பெயரில் ஒரு பாவமும் இருக்கிறது. ரிப்பன் மைக்கில் சில மைக்ரான் தடிமனே உள்ள அலுமினியப் பட்டை ஆடும். ஊதினாலே நீண்டுவிடும். கண்டன்சர் மைக்குகளுக்காக மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் பேன்டம் மின்சாரம் சரியான கேபிளில் சமமாகப் போனால் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பேட்ச்பேயில், அதாவது இணைப்புகளை மாற்றிக் கொடுக்கும் துளைப்பலகையில், கம்பியைச் செருகும் அந்த ஒரு கணம் முனைகள் ஒன்றோடொன்று உரசி, சமநிலை போய்விடும். பேன்டத்தை அணைக்காமல் நான் செருகினேன். பொட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புதுப் பட்டை மாற்றி வரப் பல வாரம் ஆனது. இன்று அந்தப் பேன்டம் பொத்தான் மேல் என் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுச் சிரிக்காத ஜூனியர் இல்லை.

பெரிய கன்சோல், அதாவது சத்தங்களைக் கலக்கும் மேசை, பற்றிச் சுருக்கமாக: 24 சேனல், அதில் நம்பி வேலை செய்யக்கூடியவை ஆறோ ஏழோ. குமிழ்கள் கரகர என்கின்றன, சூடேற அரை மணி நேரம் வேண்டும். சத்தம் பிடிக்கும், ஆனால் அதைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

கம்ப்யூட்டர் பக்கம் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒரே ஒரு தொல்லை லேட்டன்சி, கம்ப்யூட்டர் வழியாகப் போய்வரும் சத்தம் தாமதமாவது. பஃபர் என்பது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் சத்தத் துணுக்குகளின் எண்ணிக்கை. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1024 வைத்தால் அது மட்டுமே 21 மில்லிசெகண்ட், உள்ளே வந்து வெளியே போவதற்குள் இரட்டிப்பாகும். “என் குரல் எனக்குப் பின்னாடி வருது” என்று பாடகர் சொன்னால் அது பிரமை இல்லை. 64-க்கு இறக்கினால் 1.3 மில்லிசெகண்ட், ஆனால் ட்ராக் கூடும்போது கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். ஆச்சரியம் என்னவென்றால், கிடார் வாசிப்பவர் ஆம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்றாலே சத்தம் அவர் காதை அடைய 6 மில்லிசெகண்ட் ஆகிறது. அவர் அதைப் பற்றி முணுமுணுப்பதே இல்லை. பாடகருக்குத் தன் குரல் மண்டை எலும்பு வழியாக உடனே கேட்டுவிடுவதால் சின்னத் தாமதம்கூட உறுத்துகிறது. இப்போதெல்லாம் குரலை கம்ப்யூட்டருக்குள் போகவிடாமல் நேராக ஹெட்ஃபோனுக்கே திருப்பிவிடுகிறேன்.

அப்புறம் ஹெட்ஃபோன். நோட்டில் அதிகப் பக்கம் பிடித்திருப்பது இதுதான். காது பேட் தேய்ந்து தட்டையானால் காதில் சரியாக மூடாது. மூடாவிட்டால் பேஸ் வெளியே போகும், பாடகர் “இன்னும் கொஞ்சம் வைங்க” என்பார், நான் ஏற்றுவேன், ஏற்ற ஏற்ற க்ளிக் (தாளம் காட்டும் டிக் டிக்) சத்தம் வெளியே கசிந்து மைக்குக்குள் போகும். பாட்டின் நடுவில் தெரியாது. கடைசி வரி இழைந்து முடியும் இடத்தில் டிக் டிக் என்று தனியாகக் கேட்கும். அந்த இடத்தை மட்டும் எத்தனை முறை மறுபடி பாட வைத்திருக்கிறேன்! தவறு பாடகருடையது இல்லை, உள்ளங்கை அளவு பஞ்சுடையது. சத்தம் அதிகமாக இருந்தால் சுருதியும் இறங்குவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன், ஒரு காதை மட்டும் திறந்து வைத்துப் பாடச் சொன்னால் பலருக்குச் சரியாகிவிடும்.

இந்த எட்டு வருடத்தில் அங்கே வாங்கியதிலேயே உருப்படியானது, ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் சின்னக் குமிழ்ப்பெட்டி. க்ளிக், பேஸ், குரல் என்று அவரவருக்கு வேண்டியதை அவரவரே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அது வருவதற்கு முன் ஏழு பேர் வாசித்தால் ஏழு பேருக்கும் என் வாயையே பார்க்க வேண்டியிருந்தது.

கேபிளும் ஸ்டாண்டும் அடுத்த இடம். கேபிளை முழங்கையில் சுற்றி முறுக்கிப் போடுகிறவர்களால்தான் பாதிக் கேபிள் சாகிறது. ஒரு சுற்று நேராக, ஒரு சுற்று உள்பக்கமாக என்று மாற்றிச் சுற்றினால் வருடக்கணக்கில் வரும். பூம் ஸ்டாண்டின் திருகு தளர்ந்தால் மைக் உடனே விழாது. ஐந்து நிமிடத்தில் ஒரு சாண் இறங்கும். பாட்டின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் குரல் நிறம் ஏன் மாறியது என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

போன மாதம் நிர்வாகத்தில் கேட்டார்கள், அடுத்து என்ன வாங்கலாம் என்று. இன்னொரு பழைய ட்யூப் மைக் அவர்கள் மனதில் இருந்தது. நான் எழுதிக் கொடுத்தது: எல்லாக் கதவுக்கும் புது ரப்பர், பன்னிரண்டு ஜோடி காது பேட், ஆறு கனமான பூம் ஸ்டாண்ட், கீலுக்கு எண்ணெய். பேட் வந்துவிட்டது. எண்ணெயும் வந்துவிட்டது, ஐந்தாவது பலகை மட்டும் இன்னும் திரும்பவில்லை.