ஜமைக்காவின் நீலப் பென்னி: அன்னாசியா, கிரீடமா?

சென்ற மாதம் ஆறு நீலத் தபால்தலைகளை ஒரே உறையில் வாங்கினேன். எல்லாமே ஜமைக்காவின் ஒரு பென்னி, எல்லாமே முத்திரை குத்தியவை. லாரல் மாலை சூடி இடப்பக்கம் பார்க்கும் விக்டோரியா ராணி, ஓரத்தில் 2 செ.மீ.க்கு 14 பற்கள், லண்டன் டி லா ரூ நிறுவனத்தின் அச்சு என்று ஆறுக்கும் ஒரே முகம். திருப்பிப் பார்த்ததில் ஐந்து ஒரு சாதி, ஒன்று வேறு சாதி. அந்த ஒன்றின் விலை மற்ற ஐந்தும் சேர்ந்த விலையை விட அதிகம்.

வித்தியாசம் தாளில் இருக்கும் நீர்க்குறிதான், அதாவது தாள் செய்யும்போதே அதற்குள் பதியும் மங்கலான வடிவம். ஜமைக்கா தன் சொந்தத் தபால்தலைகளை 1860 நவம்பரில் வெளியிட்டபோது தாளுக்குள் அன்னாசிப் பழ வடிவம் இருந்தது. அந்தத் தீவின் அரசுச் சின்னத்திலேயே ஐந்து அன்னாசிகள் உண்டு. 1870-லிருந்து, மற்ற குடியேற்ற நாடுகளுக்கும் போன பொதுத் தாளுக்கு மாறினார்கள். அதில் ஒரு கிரீடம், கீழே இரண்டு 'சி' எழுத்து. என் உறையில் ஐந்து கிரீடம், விலை கூடிய அந்த ஒன்று அன்னாசி.

கேட்க எளிது, கையில் எடுத்தால் குழப்பும். அன்னாசியின் கொண்டை இலைகள் மேலே விரிந்து நிற்பது கிரீடத்தின் முனைகள் மாதிரியே தெரியும். தபால்தலையில் நீர்க்குறியின் மேல் பாதி மட்டும் விழுந்திருந்தால் ஏமாந்து போவோம். அதனால் மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். உருண்டையான உடல் தெரிந்தால் அன்னாசி. வளைந்த எழுத்துகள் தெரிந்தால் கிரீடம். சில தாள்கள் அச்சில் தலைகீழாகவும் போயிருக்கும், அதையும் மனதில் வையுங்கள். சிறிய கருப்புத் தட்டில் முகத்தைக் கீழாகப் போட்டு, நீர்க்குறி பார்க்கவென்றே விற்கும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டால் சில நொடிகள் தெளிவாகத் தெரியும். இந்தத் திரவங்களில் பல எளிதில் தீப்பற்றுபவை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம். தாள் எங்காவது மெலிந்திருந்தால் அதுவும் அப்போது கருத்த திட்டாகக் காட்டிக்கொடுக்கும். மெலிந்த தபால்தலைக்கு விலை பாதிக்கும் கீழே போய்விடும்.

சரி, மூன்றாவது போட்டியாளர் ஒன்று உண்டு. சொந்தத் தபால்தலை வருவதற்கு முன், 1858 முதல் 1860 வரை, ஜமைக்காவில் பிரிட்டிஷ் தபால்தலைகளையே ஒட்டினார்கள். அவற்றை அடையாளம் காண முத்திரை ஒன்றுதான் வழி: கிங்ஸ்டனுக்கு 'ஏ01', பிற ஊர்களுக்கு வேறு எண்கள். சேகரிப்பாளர்களுக்கு இதன் மேல் தனி ஆசை, விலையும் அதற்கேற்ப. ஆசை இருக்கும் இடத்தில் போலியும் வரும். சாதாரண பிரிட்டிஷ் தபால்தலையில் பொய் முத்திரை குத்துவது பெரிய வேலை இல்லையே.

இங்கே பூதக்கண்ணாடி உதவும். பிரிட்டனின் சிவப்புப் பென்னியில் நான்கு மூலையிலும் எழுத்து வந்தது 1864-லிருந்துதான். அதற்கு முன் கீழ் மூலைகள் இரண்டில் மட்டும். நான்கு பென்னி, ஆறு பென்னி, ஷில்லிங் ஆகியவற்றில் மூலை எழுத்தே 1862-ல்தான் வந்தது. ஆக, நான்கு மூலையிலும் எழுத்துள்ள சிவப்புப் பென்னியில் 'ஏ01' இருந்தால், அதை 1858-60 காலத்துச் சரக்கு என்று சொல்லி விற்க முடியாது. இன்னொன்று: 1860-க்குப் பிறகும் 'ஏ01' முத்திரை கிங்ஸ்டனில் ஓடிக்கொண்டே இருந்தது. ஜமைக்காவின் சொந்தத் தபால்தலை மேல் அது இருந்தால் சாதாரணம்தான், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், கையில் அளவாகப் பணம் வைத்திருப்பவருக்கு அன்னாசிதான் சரி. சான்றிதழ் இல்லாத 'ஏ01' பிரிட்டிஷ் தபால்தலையை நான் வாங்க மாட்டேன். லண்டன் ராயல் பிலாட்டலிக் சொசைட்டி மாதிரி நிபுணர் குழுவின் சான்று இருந்தால்தான் பேச்சு. அன்னாசியை நீங்களே, உங்கள் மேசையிலேயே சரிபார்த்துவிடலாம். கிரீடத் தாளும் வேண்டாத சரக்கு இல்லை. பழகுவதற்கு அதைவிட மலிவான பாடம் கிடைக்காது. முதலில் நாலைந்து கிரீடங்களைப் பார்த்துக் கண் பழகினால்தான் அன்னாசி பளிச்சென்று தெரியும்.

விலை என்றதும் ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட் கேட்டலாக்கைப் புரட்டுவோம். அதில் இருப்பது குறையில்லாத, பல் உதிராத, நடுவில் நேராக அச்சான தபால்தலையின் விலை. ஏலத்தில் சாதாரண பிரதி அதைவிட நன்றாகவே குறைந்து போகிறது. வெயிலில் நிறம் வெளுத்தது, முத்திரைக்குப் பதில் போட்ட பேனா கோட்டைக் கழுவி அழித்தது என்றால் இன்னும் இறங்கும்.

அப்புறம், ஜமைக்காவின் ஒரு ஷில்லிங் தபால்தலை கிடைத்தால் முகப்பில் 'ஷில்லிங்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான 'எஸ்'ஸை விடாமல் பாருங்கள். அச்சுத் தகட்டில் ஒரே ஒரு இடத்தில் அந்த எழுத்தின் குறுக்கே கோடு விழுந்து டாலர் குறியாகிவிட்டது. அன்னாசித் தாளிலும் உண்டு, கிரீடத் தாளிலும் உண்டு. நான் பார்த்த ஷில்லிங்குகளில் இன்னும் அது அகப்படவில்லை, ஒவ்வொரு உறையிலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.