லாகின் பக்கம் வரவே இல்லையா? வேலூர்க்காரர்களுக்கு நெவர்எஸ்எஸ்எல் தளம் எந்த அளவுக்கு உதவும்

காட்பாடி ஜங்ஷன் நடைமேடையில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தால் வைஃபை சிக்னல் முழுசாக நிற்கும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. காந்தி ரோடு பக்கத்து லாட்ஜ்களிலும் இது சகஜம். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஊருக்கு அனுப்ப வேண்டும். ரிசப்ஷனில் கொடுத்த சீட்டில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் இருக்கின்றன. அவற்றைப் போடுகிற பக்கம்தான் வராது. அந்தப் பக்கத்தை வரவழைப்பதற்காகவே இருக்கிற தளம் நெவர்எஸ்எஸ்எல்.காம் (neverssl.com). ஆப் வேண்டாம், கணக்கு வேண்டாம், காசும் வேண்டாம்.

கூகுளும் ஃபேஸ்புக்கும் செய்யாத எதை இந்தத் தளம் செய்கிறது? பொது வைஃபையில் வாசற்காவல், நெட்டுக்குப் போகும் வழியில் நிற்கிற கேட்வே கருவியிடம் இருக்கிறது. லாகின் ஆகாதவர் எந்தத் தளத்தைக் கேட்டாலும் அதை மறித்து லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். பூட்டில்லாத ஹெச்டிடிபி-யில், அதாவது தகவலை மறைக்காமல் அனுப்புகிற பழைய முறையில், இந்தத் திருப்பல் ஒழுங்காக நடக்கும். பூட்டுள்ள ஹெச்டிடிபிஎஸ்-இல் நடக்காது. அங்கே எதிரில் இருப்பது கேட்ட தளம்தானா என்று பிரவுசர் முதலில் சான்றிதழைப் பார்க்கும். நடுவில் புகுந்த கேட்வேயிடம் கூகுளின் சான்றிதழ் எப்படி இருக்கும்? அதனால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை மீறி ‘தொடர்க’ என்று அழுத்தும் பழக்கம் வேண்டவே வேண்டாம், அதுவும் பேங்க் தளத்தில். பெரிய தளங்கள் பலவும் ‘இனி என்னிடம் பூட்டோடுதான் வரவேண்டும்’ என்று பிரவுசரிடம் முன்பே சொல்லி வைத்திருக்கின்றன. நீங்கள் ஹெச்டிடிபி என்று கையால் அடித்தாலும் பிரவுசரே அதை மாற்றிவிடும்.

நெவர்எஸ்எஸ்எல் வேண்டுமென்றே பூட்டுப் போடாத பக்கம். இன்னொரு நல்ல ஏற்பாடும் அதில் உண்டு: திறக்கும்போதெல்லாம் முன்னால் புதுப்புதுச் சொற்களைச் சேர்த்து வேறொரு துணை முகவரிக்குத் தாவும். பிரவுசர் பழைய பக்கத்தைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டி ஏமாற்ற வழியில்லை. யோசித்துச் செய்த வேலை இது.

ஃபோனும் இதே சோதனையைத் தானாகச் செய்துபார்க்கிறது. ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு முகவரியைக் கேட்டு, 204 என்ற வெற்றுப் பதிலை எதிர்பார்க்கும். ஐஃபோன் கேப்டிவ்.ஆப்பிள்.காம் பக்கத்தில் ‘சக்சஸ்’ என்ற சொல்லைத் தேடும். வேறு பதில் வந்தால் ‘நெட்வொர்க்கில் உள்நுழைக’ என்ற அறிவிப்பு எழும். சில கேட்வேக்கள் இந்தச் சோதனை முகவரிகளை மட்டும் தடுக்காமல் விட்டுவிடுகின்றன. ஃபோன் நெட் இருப்பதாக நம்பிவிடும், அறிவிப்பும் வராது. நெவர்எஸ்எஸ்எல் மிகவும் கைகொடுப்பது இங்கேதான்.

ஆனால் முகவரியை அடிப்பதற்கு முன்னால் சிலவற்றைச் சரிபார்க்காவிட்டால் தளத்தின் மேல் பழி விழும். முதலில் மொபைல் டேட்டாவை அணைக்க வேண்டும். நெட் இல்லாத வைஃபை என்று கண்டால் ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் சிம் வழியே போய்விடும். லாகின் பக்கத்துக்குப் பதில் நெவர்எஸ்எஸ்எல்-இன் சொந்தப் பக்கமே திறந்தால் நடந்தது பெரும்பாலும் இதுதான். டேட்டாவை அணைத்தாலும் ஓடிபி எஸ்எம்எஸ் வரும், பயம் வேண்டாம். அடுத்து, இணைப்பை வேறு சர்வர் வழியே சுற்றிவிடும் விபிஎன்னை நிறுத்துங்கள். பிறகு பலரும் மறப்பது பிரைவேட் டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ்; அதை நாமே தேர்ந்தெடுப்பது இந்த அமைப்பு. ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிற வசதி. விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொன்னார்கள் என்று அதில் ஒரு பெயரைப் போட்டு வைத்திருந்தால், கேட்வே தருகிற டிஎன்எஸ்ஸை ஃபோன் ஏற்காது. எந்த முகவரிக்கும் வழி தெரியாமல் நிற்கும். லாகின் முடியும்வரை அதை ‘தானியங்கு’ என்று மாற்றினால் போதும். ஐஃபோனில் பிரைவேட் ரிலே (ஐபி முகவரியை மறைக்கும் ஆப்பிள் வசதி) வைத்திருப்பவர்கள் அதையும் அணைத்துப் பார்க்கலாம். தேதியும் நேரமும் தப்பாக ஓடினால் சான்றிதழ் செல்லாது என்று லாகின் பக்கமே திறக்காமல் போகும்.

இவ்வளவும் ஆன பிறகு முகவரிப் பட்டையில் ஹெச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு தளத்தின் பெயர். ஹெச்டிடிபி-க்குப் பின் எஸ் வரக் கூடாது. பெயரை மட்டும் அடித்தால் சில பிரவுசர்கள் தேடலுக்குப் போய்விடும், சில தாமாகவே பூட்டுள்ள முகவரியை முதலில் முயலும். ‘எப்போதும் பாதுகாப்பான இணைப்பு’ அமைப்பை இயக்கி வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கைத் திரை வரும். இந்தத் தளத்தில் எதையும் நிரப்பப் போவதில்லை என்பதால், இந்த ஓர் இடத்தில் மட்டும் தாராளமாகத் தொடரலாம்.

அப்போதும் வராவிட்டால் வைஃபை விவரத்தில் கேட்வே என்று இருக்கிற எண்ணை, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், அப்படியே பிரவுசரில் அடித்துப் பாருங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை அந்த எண்ணைக் காட்டும். அதுவும் பலிக்காவிட்டால் நெட்வொர்க்கை ‘மறந்துவிடு’ கொடுத்து மறுபடி சேர வேண்டும்.

குறைகளும் உண்டு. பக்கம் முழுக்க ஆங்கிலம். துணை முகவரிக்குத் தாவுவது ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) வழியே என்பதால் அதை முடக்கியவர்களுக்கு அந்தப் பயன் இல்லை. பெயர் மறந்துவிட்டால் எக்சாம்பிள்.காம் தளத்தையும் ஹெச்டிடிபி போட்டுத் திறக்கலாம், அதுவும் பல இடங்களில் வேலை செய்யும். ஆனாலும் புக்மார்க் வைக்க நெவர்எஸ்எஸ்எல்தான் சரி.

பக்கம் வந்த பிறகு நடக்கும் சிக்கலுக்கு இந்தத் தளம் பொறுப்பாகாது. ஐஃபோனில் தானாக எழும் சின்ன லாகின் ஜன்னல், ஓடிபி பார்க்க மெசேஜ் ஆப்புக்குப் போனால் மூடிக்கொள்ளும். ஓடிபியை மேலே வரும் அறிவிப்பிலேயே படித்துவிடுங்கள். அல்லது ‘இணையமின்றிப் பயன்படுத்து’ கொடுத்து, சஃபாரியில் நெவர்எஸ்எஸ்எல் வழியாக லாகின் செய்யுங்கள். அங்கே பக்கம் மூடாது. ஒரு சீட்டுக்கு ஒரு ஃபோன் என்று கணக்கு வைக்கிற இடத்தில் ஃபோனின் வைஃபை அடையாள எண்ணை மறைக்கும் ‘பிரைவேட் முகவரி’ அமைப்பை நடுவில் மாற்றாதீர்கள். கேட்வேக்கு அது புது ஃபோன். சீட்டு ஏற்கனவே பயன்பட்டது என்று சொல்லிவிடும். பங்களாதேஷிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களின் சிரமம் வேறு: பல பக்கங்கள் பத்து இலக்க இந்திய எண்ணை மட்டும்தான் ஏற்கும். அவர்கள் ரிசப்ஷனில் கேட்க வேண்டியது பாஸ்வேர்டு சீட்டு.

லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபோன் சேரும்போது ரூட்டர் அதற்கு நெட்வொர்க் விவரங்களைத் தருவது டிஹெச்சிபி வழியே. லாகின் பக்கம் எங்கே என்று ஃபோனுக்குச் சொல்லும் ஏபிஐ-யின் (ஃபோன் கேட்டால் தானாகப் பதில் தரும் இணைய முகவரி) முகவரியை அதன் 114ஆம் ஆப்ஷனில் போட்டுவைக்கலாம். 2020இல் வந்த ஆர்எஃப்சி 8910 இதற்கான தரம். ஆண்ட்ராய்டு 11, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் இதைப் புரிந்துகொண்டு நேராக லாகின் பக்கத்துக்குப் போகும். உங்கள் ரூட்டரில் அந்த வசதி இல்லையென்றால் பாஸ்வேர்டு சீட்டிலேயே லாகின் முகவரியை ஒரு வரி அச்சடித்துக் கொடுங்கள், தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும்.